மின்னிதழ்கள் நூலகப் பட்டியலில் ஏன் தென்படுவதில்லை?

2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்தின்படி, மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300க்கும் மேற்பட்டவை, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை இணைய வழியில் படிக்கலாம். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இச்செய்தியைப் படித்த ஆய்வு மாணவர் ஒருவர் தம் பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து, திட்டத்தில் உள்ளதாகத் தாம் அறிந்த ஓர் இதழின் பெயரைத் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் அவருக்குக் கிடைப்பது, எதுவும் அகப்படவில்லை என்ற ஒற்றை வரி. அல்லது, பல ஆண்டுகளுக்கு முன்பே வரத்து நின்றுபோன அச்சுத் தொகுதிகளைக் காட்டும் பழைய பதிவு.

'நம் நூலகத்துக்கு இந்த இதழ் வரவில்லை போலும்' என்று அவர் முடிவு செய்வது இயல்பு. ஆனால் அது பிழையான முடிவு. பட்டியலில் இல்லாததும் நூலகத்தில் இல்லாததும் அச்சு நூல்களின் காலத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இணைய வளங்களைப் பொறுத்தவரை அவை இரண்டும் வெவ்வேறு. பட்டியலில் இருந்தும் திறக்காத வளங்கள் உண்டு. திறக்கக்கூடியதாக இருந்தும் பட்டியலில் ஏறாத வளங்கள் அவற்றைவிட அதிகம். இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது, அதை எந்த அளவுக்கு அடைக்க முடியும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

பட்டியல் எதைச் சொல்வதற்காக உருவானது

பொதுமக்களும் மாணவர்களும் இணையத்தில் தேடக்கூடிய நூலகப் பட்டியலை நூலகர்கள் 'ஓபேக்' என்பார்கள். வடிவம் புதியதாயினும் அதன் உள்ளமைப்பு அட்டைப் பட்டியலின் நேர் வாரிசுதான். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் பட்டியலாக்கத்துக்கெனத் தனி விதித்தொகுப்பை 1934-இல் வெளியிட்டபோதும், 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் அவ்ராம் தலைமையிலான குழு பட்டியல் விவரங்களைக் கணினி படிக்கும் வகையில் 'மார்க்' என்ற வடிவமைப்பை உருவாக்கியபோதும், மனத்தில் இருந்த பொருள் அச்சிட்ட நூலே. அதனால் பட்டியல் மூன்று எடுகோள்களின்மீது எழுந்தது.

1. பட்டியலிடப்படும் பொருள் நூலகத்துக்குச் சொந்தமானது. அதற்குச் சேர்க்கைப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு.
2. அது ஓரிடத்தில் இருக்கிறது. அழைப்பெண்ணைக் கொண்டு அலமாரியில் அதைக் கண்டெடுக்கலாம்.
3. ஒருமுறை செய்த பதிவு, நூல் தொலையும்வரை அல்லது கழிக்கப்படும்வரை உண்மையாகவே இருக்கும்.

இணைய வழிச் சந்தா இதழுக்கு இம்மூன்றில் ஒன்றும் பொருந்தாது. நூலகம் வாங்குவது பொருளையன்று, குறிப்பிட்ட காலத்துக்குப் படிக்கும் உரிமையை. இதழ் இருப்பது பதிப்பகத்தின் சர்வரில். அதன் முகவரியை மாற்றும் அதிகாரமும் பதிப்பகத்திடமே. ஆகவே நேற்று சரியாக இருந்த பதிவு, நூலகத்தில் எவரும் எதையும் செய்யாமலேயே இன்று பொய்யாகிவிடலாம். பட்டியலாக்கம் 'ஒரு முறை செய்து முடிக்கும் வேலை' என்ற நிலையிலிருந்து 'ஓயாமல் பராமரிக்கும் வேலை' என்ற நிலைக்கு மாறியதுதான் இவ்விஷயத்தின் மையம். பணியிட ஒதுக்கீடும் வேலைப் பங்கீடும் பெரும்பாலான நூலகங்களில் இன்னும் பழைய நிலையை ஒட்டியே இருக்கின்றன.

856: பட்டியலுக்குள் நுழைந்த இணைய முகவரி

மார்க் பதிவு என்பது எண்ணிட்ட புலங்களின் வரிசை. 245 என்றால் தலைப்பு, 100 என்றால் ஆசிரியர், 020 என்றால் நூல்களுக்குரிய ஐஎஸ்பிஎன், 022 என்றால் இதழ்களுக்குரிய ஐஎஸ்எஸ்என். உலகில் எந்த நூலகத்தில் உருவான பதிவையும் வேறொரு நூலகம் அப்படியே தன் கணினிக்குள் ஏற்றிக்கொள்ள முடிவது இந்தப் பொது எண்களால்தான். கோஹா, பல்கலைக்கழக மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் உருவாக்கிய சோல் என நம் நாட்டில் புழங்கும் நூலக மென்பொருள்கள் இதைக் கையாள்கின்றன.

உலகளாவிய வலை பரவத் தொடங்கிய 1993-இல் இந்த வரிசையில் 856 என்ற புலம் சேர்க்கப்பட்டது. மின்வளம் எங்கே இருக்கிறது, அதை எப்படி அடைவது என்பதைச் சொல்வது அதன் வேலை. ஓபேக்கில் 'இங்கே சொடுக்கவும்' என்றோ 'முழு உரை' என்றோ நீல நிறத்தில் தெரியும் வரி பெரும்பாலும் இந்தப் புலத்திலிருந்து வருவது. அதன் உறுப்புகள் சிலவற்றை அறிந்துகொண்டால் பின்வரும் சிக்கல்கள் எளிதில் விளங்கும்.

1. முதல் குறிகாட்டி, அணுகும் முறையைச் சொல்கிறது; வலை முகவரியாயின் அங்கு 4 என்ற எண் இருக்கும்.
2. இரண்டாம் குறிகாட்டி, முகவரிக்கும் பதிவில் விவரிக்கப்படும் பொருளுக்கும் உள்ள உறவைச் சொல்கிறது. 0 என்றால் முகவரியில் இருப்பது அந்த வளமேதான். 1 என்றால் அதன் இன்னொரு வடிவம். 2 என்றால் தொடர்புடைய வேறொன்று.
3. 'யு' என்ற துணைப்புலத்தில் முகவரி. '3' என்ற துணைப்புலத்தில் எந்தப் பகுதிக்கு அந்த முகவரி பொருந்தும் என்ற விவரம். 'இசட்' என்ற துணைப்புலத்தில் வாசகருக்கான குறிப்பு.

இரண்டாம் குறிகாட்டி சிறு விஷயமாகத் தோன்றும்; விளைவோ சிறிதன்று. அச்சு நூலின் பதிவில், பதிப்பகத் தளத்திலுள்ள பொருளடக்கப் பக்கத்துக்கு முகவரி கொடுத்துவிட்டு அங்கே 2-க்குப் பதிலாக 0 என்று இட்டுவிட்டால், மின்னூல்களை மட்டும் வடிகட்டிக் காட்டும் வகையில் அமைத்த தேடலில் அந்த அச்சு நூலும் மின்னூலாக வந்து நிற்கும். சொடுக்கிய மாணவர் பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு, நூலகத்தின் இணைப்புகள் எதுவும் வேலை செய்வதில்லை என்ற எண்ணத்துடன் திரும்புவார்.

ஓர் இதழ், பல முகங்கள்

'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' என்ற மும்பை வார இதழை எடுத்துக்கொள்வோம். சமூக அறிவியல் படிப்போர் அறியாதிருக்க முடியாத இதழ். 1949-இல் 'தி எகனாமிக் வீக்லி' என்று தொடங்கி, 1966-இல் இன்றைய பெயருக்கு வந்தது. அச்சு வடிவின் ஐஎஸ்எஸ்என் 0012-9976. இணைய வடிவின் ஐஎஸ்எஸ்என் 2349-8846. இதழின் சொந்தத் தளத்தில் பழைய இதழ்கள் உள்ளன. பல ஆய்விதழ்களைத் திரட்டித் தரும் ஜேஸ்டோர் என்ற இணையத் தொகுப்பிலும் பழைய இதழ்கள் உள்ளன, ஆனால் அங்கே அண்மைய ஆண்டுகள் உடனே கிடைப்பதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் 1970களிலிருந்து பைண்டு செய்த தொகுதிகளும், சொந்தத் தளத்துக்கான சந்தாவும், ஜேஸ்டோர் சந்தாவும் இருந்தால் பட்டியலாளர் என்ன செய்ய வேண்டும்?

முதல் வழி, ஒற்றைப் பதிவு. ஏற்கெனவே உள்ள அச்சுப் பதிவிலேயே இரண்டு 856 புலங்களைச் சேர்த்துவிடுவது. வாசகருக்கு எல்லாம் ஓரிடத்தில் தெரியும், வேலையும் குறைவு. இரண்டாம் வழி, தனிப் பதிவு. இணைய வடிவுக்கென ஒரு புதிய பதிவை உருவாக்கி, 776 என்ற புலத்தின் வழியாக அச்சு வடிவோடு பிணைப்பது; பழைய பெயரை 780 என்ற புலத்தில் காட்டுவது. இப்பதிவில் 300 ஆம் புலத்தில் பக்க எண்ணிக்கைக்குப் பதிலாக 'ஓர் இணைய வளம்' என்பது வரும். ஆர்டிஏ என்ற புதிய பட்டியலாக்க விதிகளின்படி 338 ஆம் புலத்தில் ஏந்து வகையும் அதையே சொல்லும். அதற்கு முந்தைய விதிகளில் தலைப்பை ஒட்டியே பகர அடைப்புக்குள் 'மின்னணு வளம்' என்று எழுதும் வழக்கம் இருந்தது. காங்கிரஸ் நூலகம் 2013 மார்ச் 31 முதல் ஆர்டிஏ-வுக்கு மாறியது. இரு வழக்கங்களும் கலந்து கிடக்கும் பட்டியல்களில் 'மின்வளம் மட்டும்' என்று வடிகட்டினால் பாதி விடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் வழியிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. சொந்தத் தளத்துக்கு ஒன்று, ஜேஸ்டோருக்கு ஒன்று என்று இரண்டு இணையப் பதிவுகள் வேண்டுமா? வழங்குநர்கள் பெருகப் பெருக ஒரே இதழுக்கு நான்கைந்து பதிவுகள் சேர்ந்து, தேடல் முடிவுகளின் முதல் பக்கமே ஒரே பெயரால் நிரம்பிய அனுபவத்துக்குப் பிறகு, வழங்குநர் சாராப் பதிவு என்ற கொள்கை ஏற்கப்பட்டது. மின்னிதழ்களுக்கு 2003-இலும் மின்னூல்களுக்கு 2009-இலும் அமெரிக்கக் கூட்டுப் பட்டியலாக்கத் திட்டங்கள் இதை விதியாக்கின. இதன்படி, இணைய வடிவம் எத்தனை தளங்களில் கிடைத்தாலும் பதிவு ஒன்றே. தளங்களின் முகவரிகள் மட்டும் பல.

சில நூறு மின்னிதழ்கள் மட்டும் உள்ள கல்லூரிக்கு ஒற்றைப் பதிவு போதும். ஆயிரக்கணக்கில் தொகுப்பாக வாங்கும் பல்கலைக்கழகத்துக்கு அது பொறியாகவே முடியும். தொகுப்புச் சந்தா நின்றால், அச்சுப் பதிவுகளுக்குள் புதைந்த முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்க வேண்டிவரும். தனிப் பதிவுகளாயின் மொத்தமாக நீக்கிவிடலாம். சேர்ப்பது எது எளிது என்று பார்க்காமல், நீக்குவது எது எளிது என்று பார்த்தே இதில் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பதிவுகள் எங்கிருந்து வருகின்றன

1. கையால் செய்தல். பட்டியலாளர் வளத்தைத் திறந்து பார்த்து, புலம் புலமாக நிரப்புகிறார். தரம் உயர்ந்தது; நேரம் அதிகம். 13,000 இதழ்களுக்கு இது நடவாது.

2. வழங்குநர் தரும் பதிவுகளை மொத்தமாக ஏற்றுதல். மின்னூல் விற்பவர்கள் மார்க் பதிவுகளையும் கோப்பாகத் தருகிறார்கள். ஏற்றச் சில நிமிடங்கள் போதும். ஆனால் நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருட்தலைப்பே இல்லாத பதிவுகளும், அச்சு ஐஎஸ்பிஎன்னை மின்னூலின் எண்ணாகப் போட்ட பதிவுகளும் இவற்றில் சாதாரணம். பின்னது உண்டாக்கும் தொல்லை பெரிது: மென்பொருள் ஐஎஸ்பிஎன்னைக் கொண்டு பொருத்திப் பார்த்து, நூலகத்திலுள்ள அச்சு நூலின் நல்ல பதிவை அழித்து, அதன்மீது மின்னூலின் குறைப் பதிவை எழுதிவிடக்கூடும். ஏற்றுவதற்கு முன் பொருத்த விதியைச் சரிபார்ப்பதும், ஒவ்வொரு தொகுப்புக்கும் உள்ளூர்ப் பயன்பாட்டுக்கான புலம் ஒன்றில் ஒரு குறியீட்டை இடுவதும் இதனால்தான் கட்டாயமாகின்றன.

3. பட்டியலுக்கு வெளியே வைத்தல். ஓபேக்கில் ஏற்றாமல், 'எந்தத் தொகுப்பில் எந்த இதழ், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை' என்ற விவரத்தைத் தனித் தரவுத்தளத்தில் வைத்து, அதிலிருந்து அகரவரிசை இதழ்ப் பட்டியலை உருவாக்குவது. இத்தரவுத்தளத்தை நூலக வட்டாரத்தில் நாலெட்ஜ் பேஸ் என்றே சொல்கிறார்கள்.

மூன்றாம் வழிக்கு அடித்தளமாக இருப்பது 'கேபார்ட்' என்ற பரிந்துரை. 2010-இல் அமெரிக்கத் தர அமைப்பான நைசோவும் பிரிட்டனின் யுகேஎஸ்ஜியும் சேர்ந்து வெளியிட்டன, 2014-இல் விரிவாக்கப்பட்டது. பதிப்பகம் தன்னிடமுள்ள இதழ்களின் விவரத்தை எந்தெந்தப் பத்திகளில், எந்த வரிசையில் தர வேண்டும் என்று அது வகுக்கிறது. இதழின் பெயர், அச்சு எண், இணைய எண், முதலில் கிடைக்கும் இதழின் தேதி, கடைசியாகக் கிடைக்கும் இதழின் தேதி, முகவரி என்று செல்லும் அந்த அட்டவணையில், தாமத காலத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. அதில் 'பி1ஒய்' என்று இருந்தால் அண்மைய ஓராண்டு கிடைக்காது, அதற்கு முந்தையவை கிடைக்கும். 'ஆர்1ஒய்' என்று இருந்தால் நேர்மாறாக அண்மைய ஓராண்டு மட்டுமே கிடைக்கும். ஓர் எழுத்து மாறினால் வாசகருக்குச் சொல்லப்படும் செய்தியே தலைகீழாகிவிடும்.

கோஹாவில் 2022 நவம்பரில் வெளியான 22.11 பதிப்பிலிருந்து, சந்தா ஒப்பந்தங்களையும் உரிமங்களையும் மின்வளத் தொகுப்புகளையும் கையாளத் தனிப்பகுதி இருக்கிறது. பழைய பதிப்பிலேயே நின்றுவிட்ட நூலகங்கள் இதே விவரங்களை எக்செல் தாளில் வைத்திருக்கின்றன. அந்தத் தாள் யாருடைய கணினியில் இருக்கிறது என்பது அவர் இடமாற்றம் பெறும்போதுதான் பிறருக்குத் தெரியவருகிறது.

இணைப்பு உடைவது வேறு, உரிமை முடிவது வேறு

முகவரி மாறுவதால் இணைப்பு உடைவது எல்லோரும் அறிந்த சிக்கல். பதிப்பகம் தளத்தைப் புதுப்பிக்கும், ஒரு பதிப்பகத்தை இன்னொன்று வாங்கும், இதழ் வேறு பதிப்பகத்துக்கு மாறும். இதற்கு மாற்றாக வந்தவை நிலையான அடையாளங்கள். கட்டுரைகளுக்கும் இதழ்களுக்கும் டிஓஐ, நிறுவனக் களஞ்சியங்களுக்கு ஹேண்டில். முகவரியை நேரடியாக எழுதாமல் அடையாள எண்ணை எழுதினால், முகவரி மாறும்போது பதிப்பகம் தன் பக்கத்தில் திருத்திக்கொள்ளும். பட்டியலில் கைவைக்க வேண்டியதில்லை. எஞ்சியவற்றைக் கண்டுபிடிக்க இணைப்புச் சோதனை நிரல்கள் உள்ளன. 856 புலத்திலுள்ள முகவரிகளைச் சோதிக்கும் நிரல் ஒன்று கோஹாவுடனேயே வருகிறது.

அந்த நிரல் எதைக் காணும், எதைக் காணாது என்பதில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. நிரல் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கிறது. சர்வர் 'சரி' என்று 200 என்ற குறியை அனுப்பினால் இணைப்பு நலம் என்று குறித்துக்கொள்கிறது. சந்தா முடிந்துபோன இதழின் முகப்புப் பக்கமும் 200 என்றே பதில் சொல்லும். பக்கம் திறக்கும், அட்டைப்படம் தெரியும், கட்டுரைத் தலைப்புகள்கூட வரிசையாகத் தெரியும். கட்டுரையைத் திறக்கும்போதுதான் விலைப் பட்டியல் வந்து நிற்கும். அதாவது, இணைப்பு உடையவில்லை, உரிமை முடிந்திருக்கிறது. டிஓஐ-யும் இதற்கு உதவாது. உரிமை இருக்கிறதா என்பதை ஒப்பந்தத் தாளைப் பார்த்துத்தான் அறிய முடியும். எனவே சந்தாவைப் புதுப்பிக்கும் பிரிவிலிருந்து பட்டியல் பிரிவுக்குத் தகவல் வந்தாக வேண்டும். இரண்டும் வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு பொறுப்பாளர்களிடம் இருக்கும் நூலகங்களில் இந்தத் தகவல் பயணப்படுவதில்லை.

அச்சு இதழோடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடும் உண்டு. அச்சுச் சந்தாவை நிறுத்தினால் அதுவரை வந்த தொகுதிகள் அலமாரியிலேயே இருக்கும். பதிவில் முடிவு ஆண்டைக் குறித்தால் போதும். இணையச் சந்தாவை நிறுத்தினால், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களை நிரந்தரமாகப் படிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் பதிவை நீக்கக் கூடாது, ஆண்டு வரம்பைத் திருத்த வேண்டும். இல்லையென்றால் நீக்க வேண்டும். பட்டியலாளர் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டிய காலம் இது.

வளாகத்துக்கு வெளியிலிருந்து படிப்போருக்கான பிராக்சி வழியும் பட்டியலைப் பாதிக்கிறது. விடுதியிலிருந்தோ ஊரிலிருந்தோ ஒருவர் இதழைத் திறக்கும்போது, அவர் பல்கலைக்கழக வலையமைப்புக்குள் இருப்பதுபோலப் பதிப்பகத்துக்குக் காட்ட ஈசிபிராக்சி போன்ற மென்பொருள்கள் இதழின் முகவரிக்கு முன்னால் தம் முகவரியை ஒட்டிவிடுகின்றன. இந்த ஒட்டு முகவரியை 856 புலத்துக்குள்ளேயே எழுதி வைத்த நூலகங்கள், பிராக்சி சர்வரின் பெயர் மாறியபோது எல்லாப் பதிவுகளையும் திருத்த நேர்ந்தது. புலத்தில் இதழின் நேர் முகவரியை மட்டும் வைத்து, ஒட்டு முகவரியை ஓபேக் திரையில் காட்டும்போது மென்பொருளே சேர்த்துக்கொள்ளுமாறு அமைப்பதே சரி. இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் என்ற நுழைவுக் கூட்டமைப்பில் சேர்ந்த நிறுவனங்களில், பல்கலைக்கழகப் பயனர் பெயரைக் கொண்டே பதிப்பகத் தளத்தில் உள்நுழையலாம் என்பதால் பிராக்சியின் தேவை குறைகிறது. ஆனால் அங்கே வாசகர் முதலில் தம் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை 856 புலத்தின் குறிப்பில் ஒரு வரியில் சொல்லாவிட்டால் பாதிப் பேர் அந்தத் திரையோடு திரும்பிவிடுவார்கள்.

கட்டுரை ஏன் கிடைப்பதில்லை

ஓபேக் இதழை விவரிக்கிறது. இதழுக்குள் இருக்கும் கட்டுரைகளை விவரிப்பதில்லை. அச்சுக் காலத்திலும் இப்படித்தான். கட்டுரைத் தலைப்பை ஓபேக்கில் தேடி ஏமாறுவோர் பெருகியதால், பதிப்பகங்களிடமிருந்து கட்டுரை விவரங்களை முன்கூட்டியே திரட்டி ஒரே பெட்டியில் தேடவைக்கும் கண்டறிதல் சேவைகள் வந்தன. 2009-இல் வந்த சம்மன் இவற்றில் பெயர்பெற்றது. தேடல் முடிவிலிருந்து நூலகத்துக்கு உரிமையுள்ள பிரதிக்கு அழைத்துச்செல்வது லிங்க் ரிசால்வர் என்ற இடைநிலை மென்பொருள். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வான் டி சோம்பலின் ஆய்விலிருந்து பிறந்த ஓப்பன்யுஆர்எல் முறை இதற்கு ஆதாரம். இச்சேவைகளுக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. வாங்க இயலாத நூலகம், ஓபேக்கின் தேடல் பெட்டிக்கு அடியிலேயே 'இங்கே கட்டுரைகளைத் தேட முடியாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்பது, செலவில்லாமல் செய்யக்கூடிய நல்ல காரியம்.

ஆய்வேடுகளும் தமிழ் மின்வளங்களும்

சந்தா வளங்களைப் பற்றியே பேசும்போது, கையால் பட்டியலிடத் தகுந்தவை கவனத்திலிருந்து நழுவுகின்றன. பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வேடுகள் அவற்றில் முதன்மையானவை. 2009-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியைச் சமர்ப்பிப்பதைக் கட்டாயமாக்கியதைத் தொடர்ந்து, அவை இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. அங்கே ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் 10603 என்று தொடங்கும் ஹேண்டில் எண் உண்டு, அது மாறாதது. நூலகத்தில் அதே ஆய்வேட்டின் பைண்டு செய்த அச்சுப்படிக்குப் பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அப்பதிவில் ஹேண்டில் முகவரியை 856 புலத்தில், இரண்டாம் குறிகாட்டி 1 என்று இட்டுச் சேர்த்தால் போதும். உரிமம் முடியும் அச்சமில்லை, பிராக்சி தேவையில்லை. இவ்வளவு எளிய வேலை பல இடங்களில் நிலுவையில் கிடப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமன்று.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளைச் சேர்க்கும் நூலகம் திட்டம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற கட்டற்ற வளங்களுக்கும் இது பொருந்தும். தமிழ்த்துறையின் பாடத்திட்டத்தில் உள்ள பழைய பதிப்பு அலமாரியில் சிதைந்திருக்க, அதன் மின்படி இவற்றில் ஒன்றில் முழுமையாகக் கிடைப்பதுண்டு. ஆனால் கட்டற்றது என்பதாலேயே அனைத்தையும் பட்டியலில் கொட்டிவிடலாகாது. அச்சு நூலைத் தேர்ந்தெடுக்கும் அதே அளவுகோலால் தேர்ந்தெடுத்து, நிலையான பக்க முகவரி உள்ளவற்றை மட்டும் சேர்ப்பது நல்லது.

தமிழ்ப் பதிவுகளில் எழுத்துச் சிக்கலும் உண்டு. வெளிநாட்டு நூலகங்களிலிருந்து இறக்கும் தமிழ் நூல் பதிவுகளில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ரோமன் எழுத்தில் இருக்கும். அந்த மரபில் ழ, ற, ன ஆகியவற்றுக்கு அடிக்கோடிட்ட எழுத்துகள் வரும். தமிழில் தட்டச்சு செய்து தேடுபவருக்கும், அடிக்கோடில்லாமல் தம் போக்கில் ஆங்கில எழுத்தில் தட்டுபவருக்கும் அப்பதிவு எளிதில் அகப்படாது. 880 என்ற புலத்தில் தமிழ் எழுத்து வடிவத்தையும் சேர்த்து, அப்புலத்தையும் தேடப்படும் புலங்களுக்குள் கொண்டுவந்தால்தான் இது தீரும். புலத்தை நிரப்பிவிட்டுத் தேடலில் இணைக்க மறந்த பட்டியல்களில், தமிழ்த் தலைப்பு திரையில் அழகாகத் தெரியும். தேடினால் மட்டும் வராது.

தேசியச் சந்தா கொண்டுவரும் மாற்றம்

இன்ஃப்ளிப்நெட் வழியாகக் கூட்டுச் சந்தா கிடைப்பது புதிதன்று. 2015-இல் உருவான இ-ஷோத்சிந்து கூட்டமைப்பும் அதற்கு முந்தையனவும் அதையே செய்தன. புதியது அளவு. முன்பு ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாடத்துறைகளுக்கேற்பச் சில தொகுப்புகளைப் பெற்றது. இப்போது தான் தேர்ந்தெடுக்காத, தன்னிடம் துறையே இல்லாத பாடங்களின் இதழ்களுக்கும் உரிமை வந்திருக்கிறது. மருத்துவத் துறையே இல்லாத கலைப் பல்கலைக்கழகத்தின் ஓபேக்கில் அறுவைச் சிகிச்சை இதழ்களை எல்லாம் ஏற்ற வேண்டுமா என்பது நியாயமான கேள்வி.

எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை என்பதே என் நிலைப்பாடு. முழுத் தொகுப்பு நாலெட்ஜ் பேஸிலோ அகரவரிசை இதழ்ப் பட்டியலிலோ இருக்கட்டும். ஓபேக்கில், ஏற்கெனவே அச்சுத் தொகுதிகள் உள்ள இதழ்களையும், பாடத்துறைகள் கேட்டுப் பெற்ற இதழ்களையும் மட்டும் ஏற்றினால் பட்டியலும் கைக்குள் இருக்கும், வாசகரும் அச்சுப் பதிவோடு நின்றுவிடமாட்டார். முழுத் தொகுப்பையும் ஏற்றிவிட்டு அதை எண்ணிக்கையாகக் காட்டும் ஆசை நிர்வாகங்களுக்கு வருவது இயற்கை. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக் கட்டமைப்பில் நூலகத் தானியக்கம் ஒரு கேள்வி, மின்வளச் சந்தா இன்னொரு கேள்வி என்று தனித்தனியே பல ஆண்டுகள் இருந்துவந்ததால், இரண்டும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று எவரும் கேட்டு வற்புறுத்தவில்லை.

தனியார் பல்கலைக்கழகங்கள் இத்திட்டத்தின் இப்போதைய கட்டத்தில் இல்லை. ஆதலால் அவற்றின் ஓபேக்கில் ஓர் இதழ் இல்லையென்றால், உண்மையிலேயே உரிமை இல்லாமலும் இருக்கக்கூடும். அரசு நிறுவனங்களில் படிப்போர் ஓபேக்கில் ஓர் இதழைக் காணாதபோது செய்யவேண்டியவை இவை.

1. நூலக இணையதளத்தில் மின்னிதழ்களின் அகரவரிசைப் பட்டியல் தனியாக இருந்தால், அதில் ஐஎஸ்எஸ்என் கொண்டு தேடுவது. இதழின் பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் எண்ணே நம்பத்தக்கது.
2. வளாக வலையமைப்புக்குள் இருந்தபடி பதிப்பகத் தளத்துக்கு நேரே சென்று, அண்மைய இதழின் கட்டுரை ஒன்றின் முழு உரையைத் திறந்து பார்ப்பது.
3. திறந்தால், நூலகத்துக்கு அந்த எண்ணைத் தெரிவிப்பது. பதிவு சேர்க்க அது உதவும். திறக்காவிட்டால், ஆண்டு வரம்பா, உரிமையின்மையா என்று நூலகரிடம் கேட்பது.

நூலகங்கள் தரப்பில் இப்போதே முடிவு செய்தாக வேண்டியது, ஏற்றும் பதிவுகளுக்கு இடும் அடையாளம். தற்போதைய ஒதுக்கீடு 2027 டிசம்பர் வரைக்கானது. அதற்குப் பின் திட்டம் நீடிக்கலாம். நீடித்தாலும் 30 பதிப்பகங்களின் பட்டியலும் இதழ்களின் வரிசையும் இப்போதுள்ளபடியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு பதிவிலும் 'தேசியச் சந்தா, இன்ன பதிப்பகம், இன்ன ஆண்டு ஏற்றியது' என்ற குறியீடு உள்ளூர்ப் புலத்தில் இருந்தால், விலகிய பதிப்பகத்தின் பதிவுகளை ஒரே கட்டளையில் பிரித்து நீக்கலாம். குறியீடு இல்லாமல் ஏற்றிய பதிவுகள், நூலகம் தன் பணத்தில் தொடரும் சந்தா இதழ்களின் பதிவுகளோடு கலந்துவிட்டால், எது எந்த உரிமையில் வந்தது என்பதை ஒவ்வோர் இதழாகத் திறந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.